கதவு இல்லாத வண்டிக் கொட்டகை

எங்கள் சபையின் வாலிபர் சங்கத்துக்கு இடம் கிடைத்தது ஒரு குதிரை போனதால். மிஷன் துரை குதிரை வண்டியை விற்றுவிட்டு மோட்டார் வாங்கினார். மோட்டார் பங்களா முகப்பில் நின்றுகொண்டது. ஆலய வளவின் ஓரத்தில், பழங்காநத்தத்திலிருந்து டவுனுக்கு வரும் சாலையைப் பார்த்தபடி இருந்த வண்டிக் கொட்டகை காலியானது. நீளம் இருபத்திரண்டு அடி, அகலம் பதினான்கு. மூன்று பக்கம் சுவர், மேலே ஓடு, சாலைப் பக்கம் வண்டி நுழையும் அளவுக்கு இரட்டைக் கதவு. உள்ளே கொள்ளு வாசனை. இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தும் அது போகவில்லை.

முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. மதுரையில் ஒரு சிறிய பத்திரிகையில் வேலை. நகராட்சிக் கூட்டம், கோர்ட்டு, சந்தை நிலவரம் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் அனுப்புவார்கள். கூட்ட நடவடிக்கையைக் குறிப்பெடுக்கத் தெரிந்தவன் என்பதால் சங்கத்துக்கும் நான் செயலாளர் ஆனேன்.

அந்தக் கொட்டகைக்கு இன்னொரு போட்டியும் இருந்தது. ஆலயத்தில் உடைந்துபோன பெஞ்சுகள் பதினொன்று மழையிலும் வெயிலிலும் கிடந்தன. அவற்றைக் கொட்டகையில் அடுக்க வேண்டும் என்றார் சபைக் கமிட்டியின் தலைவர். அவர் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். வளவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் படித்தவர்களின் பிள்ளைகள். வெள்ளைத் தலைப்பாகை, மூடிய கோட்டு, கையில் குடை. எதையும் முறைப்படி செய்வார். அதனால் எங்கள் கோரிக்கையை அவர் தள்ளிவிடவில்லை. நிபந்தனை போட்டார்.

வாலிபர் சங்கம் என்றால் அது வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆனதல்ல என்றார். மில் பக்கத்தில் நம் சபையார் வீட்டு வாலிபர்கள் நிறைய இருக்கிறார்கள்; கிறிஸ்துமசுக்கு மட்டும் ஆலயத்தில் தலை காட்டுகிறார்கள். கமிட்டி ஏதோ ஒரு சாயங்காலம் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்க்கும். அங்கே இருபது வாலிபர் இருக்க வேண்டும். பாதிப் பேராவது மில் பக்கத்தார். யாரும் அழைத்து வந்தவர்களாக இருக்கக் கூடாது. தாங்களே வந்திருக்க வேண்டும். சித்திரை முடிவதற்குள் இது நடக்காவிட்டால் பெஞ்சுகள் உள்ளே வரும், நாங்கள் வெளியே போவோம்.

இதை அவர் சொன்னது தை மாதம். நான் அப்படியே குறிப்பெடுத்துக் கையெழுத்தும் போட்டேன்.

கொட்டகையைச் சீர் செய்ய ஐந்து பேர் கூடினோம். நான் ஒருவன்; மற்ற நால்வரும் ஆசிரியர்கள். அவர்களில் இருவர் பசுமலையிலிருந்து சைக்கிளில் வருவார்கள், சொன்னதைச் செய்வார்கள், போய்விடுவார்கள். யோசனை சொன்னவர்கள் மற்ற இருவர்: கணக்கு வாத்தியார், டிராயிங் மாஸ்டர். நால்வரும் நல்லவர்கள். மூன்று வாரம் பள்ளி விட்டதும் நேராக வந்து வியர்வை சொட்ட உழைத்தார்கள். சுவருக்கு வெள்ளையடித்தது, தரை மெழுகியது, பெஞ்சுகள் வாங்கி வந்தது எல்லாம் அவர்கள்தான்.

வேலை முடிந்த அன்று சாலையில் நின்று பார்த்தேன். இரட்டைக் கதவில் ஒன்று சாத்தித் தாழிட்டிருந்தது. மற்றதன் வழியே தெரிந்தது: எதிர்ச்சுவர் ஓரமாக ஒரு மேடை, மேடையில் பச்சைத் துணி விரித்த மேசை, நாற்காலி, கைமணி, அதைப் பார்த்து மூன்று வரிசையாக ஆறு பெஞ்சு, சுவரில் கரும்பலகை, இந்தியா படம், மேசைமேல் வருகைப் பதிவேடு. வாசலில் டிராயிங் மாஸ்டர் அழகான எழுத்தில் ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தார். வாலிபர் மகிழ்ந்து பழகும் இல்லம் என்று தலைப்பு. அதன் கீழே செய்யக் கூடாதவை ஒன்பது.

ஒரு வகுப்பறை கட்டியிருந்தோம். அது எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று எனக்கும்தான். பிறந்தது முதல் ஆலயம், பள்ளிக்கூடம் என்ற இரண்டு அறைகளைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம். ஆலயம் ஏற்கெனவே இருந்ததால் மற்றதைக் கட்டிவிட்டோம்.

திறப்பு நாளன்று மில் பக்கத்திலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். அவர்களை அழைத்து வந்தவர் ஒரு மீசைக்காரர். மில்லில் நூற்கும் பிரிவில் வேலை; என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர்; அவர் எங்கே போகிறாரோ அங்கே பத்துப் பேர் பின்னாலேயே போவார்கள். அவர் பேச்சுக்குச் சிரிப்பதற்காகவே போவார்கள் என்று சொல்லலாம். அன்று அவர் பேசவில்லை. எட்டுப் பேரும் கடைசி வரிசையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். முன்னால் நாலு பெஞ்சு காலியாக இருந்தது. கணக்கு வாத்தியார் உள்ளே வந்ததும் எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். அவர் பழக்கத்தில் கையை அசைத்தார்; உட்கார்ந்தார்கள். பதிவேட்டை எடுத்துப் பெயர் வாசித்தார். மீசைக்காரர் முறை வந்தபோது அவர் மறுபடி எழுந்து, உள்ளேன் ஐயா என்றார். மில்லில் நாற்பது பேரைச் சிரிக்க வைக்கும் மனிதரின் அந்தக் குரல் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ஒன்பது வயதுக் குரல்.

மறு வாரம் ஒருவரும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. நாங்கள் ஐந்து பேர் ஆறு பெஞ்சில் உட்கார்ந்து, அவர்களுக்கு ஆர்வம் போதாது என்று பேசிக்கொண்டோம்.

சாலைக்கு எதிர்ப்புறம், சற்றுத் தள்ளி, ஒரு சைக்கிள் கடை இருந்தது. வாடகைக்குச் சைக்கிள் விடுவார்கள், பஞ்சர் ஒட்டுவார்கள். சங்கு ஊதி ஷிப்டு விட்டதும் மில்லிலிருந்து வருகிறவர்கள் அங்கே நிற்பார்கள். ஒரு நாள் அங்கே போய் மீசைக்காரரிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் முதலில் வேலை என்றார், பிறகு உடம்புக்கு முடியவில்லை என்றார். நான் போகாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார்.

"கோவிச்சுக்கிடாதீக அண்ணே. உள்ள நொழஞ்சதும் எனக்குக் காலு தானா சேந்துக்கிருச்சு. எப்ப ஏழாம் வாய்ப்பாட்ட ஒப்பிக்கச் சொல்லுவாகளோன்னே ஒக்காந்திருந்தேன். அதுல தவறித்தான நான் பள்ளிக்கொடத்த விட்டே ஓடினது."

பக்கத்தில் நின்றவர் சொன்னார்: "இவனாச்சும் உள்ளேன் ஐயான்னான். நான் பிரம்பு எங்கன இருக்குன்னு தேடிக்கிட்டிருந்தேன் மாப்ள."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் திரும்பி வரும்போது முதன்முறையாக எங்கள் கொட்டகையை அவர்கள் கண்ணால் பார்த்தேன்.

நகராட்சியில் ஒரு விஷயம் புரியாவிட்டால் அங்கேயே போய் நின்று பார் என்று என் பத்திரிகை ஆசிரியர் சொல்வார். எனவே நாலு சாயங்காலம் சைக்கிள் கடையில் நின்றேன். ஏன் மனிதர்கள் அங்கே வருகிறார்கள், வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். உட்காருவதற்குக் கவிழ்த்த ஒரு டின்னைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. எல்லோரும் ஏதாவது ஒன்றில் சாய்ந்து நின்றார்கள். தூண், சைக்கிள், இன்னொருவர் தோள். சுவரில் கால் ரூபாய் அகலத்துக்கு ரசம் போன ஒரு கண்ணாடி. வருகிற ஒவ்வொருவரும் முதலில் அதில் முகம் பார்த்துத் தலையைச் சரி செய்தார்கள். அந்த ஒரு நொடியில் உள்ளே யார் இருக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டார்கள். பிடிக்காவிட்டால் கண்ணாடி பார்க்க வந்ததாகவே போய்விடலாம். பத்திரிகை ஒன்று வாங்கினார்கள். தாள் தாளாகப் பிரித்து நாலு இடத்தில் படித்தார்கள். ஒருவர் உரக்கப் படிக்க மூன்று பேர் திருத்தம் சொன்னார்கள். நான் கண் வலிக்கப் பிழை திருத்திய பக்கத்தில் பஞ்சர் போட்ட டியூபைக் காயவைத்திருந்ததையும் பார்த்தேன். யாரும் யார் பெயரையும் கேட்கவில்லை. விளக்கு கடைக்கு வெளியே எரிந்தது. குடிக்கத் தண்ணீர் மட்டும் அங்கே இல்லை. தாகம் எடுத்தவர் வீட்டுக்குப் போனார், போனவர் திரும்பவில்லை.

இதைச் செய்தி எழுதுவதுபோல் இரண்டு பக்கம் எழுதி நால்வர் முன் வாசித்தேன். பிறகு கணக்கு வாத்தியார், மேசையை எடுத்துவிட்டால் செயலாளர் எங்கே உட்காருவார் என்று கேட்டார். செயலாளர் சாய்ந்து நிற்பார் என்று டிராயிங் மாஸ்டர் பதில் சொன்னார். அப்புறம் வேலை வேகமாக நடந்தது.

மேடையைப் பிரித்தோம். பெஞ்சுகளைச் சுவரை ஒட்டிப் போட்டோம். யாரும் யார் முதுகையும் பார்க்க வேண்டியதில்லை. கரும்பலகை, கைமணி, பதிவேடு மூன்றும் பள்ளிக்குத் திரும்பின. ஒன்பது விதிப் பலகையை டிராயிங் மாஸ்டர் தாமே இறக்கி, பின்பக்கம் இழைத்து, நாலு மூலையிலும் வட்டம் வெட்டி, கேரம் பலகை ஆக்கினார். வாசல் பக்கம் ஒரு கண்ணாடி மாட்டினோம். இரட்டைக் கதவுதான் பெரிய தொல்லையாக இருந்தது. திறந்து வைத்தால் காற்றில் அடித்துக்கொண்டது. சாத்தி வைத்தால் பங்களாவின் வண்டிக் கொட்டகையாகவே தெரிந்தது. கடைசியில் கீலோடு கழற்றி, ஒன்றை இரண்டு பீப்பாய்மேல் கிடத்திப் பத்திரிகை விரிக்கும் மேசையாக்கினோம். மற்றதைக் கொட்டகைக்குப் பின்னால் சாய்த்துவைத்தோம். கதவு இல்லாத இடத்தில் ஆடு வரும் என்று கணக்கு வாத்தியார் எச்சரித்தார். வந்தது. முதல் வாரமே தலையங்கத்தைத் தின்றது.

வாசலில் மணல் பரப்பித் தண்ணீர்ப் பானை வைத்தோம். டம்ளர் ஒன்றா இரண்டா என்று கணக்கு வாத்தியார் கேட்டார். அந்தக் கேள்வியின் பொருள் ஐந்து பேருக்கும் தெரியும். மில்லிலும் ஊரிலும் சாதிக்கு ஒரு பானை இருந்த காலம் அது. ஆலயத்துக்குள்ளேயே யார் பெஞ்சில், யார் பாயில் என்ற வழக்கம் முழுதும் ஒழியவில்லை. ஒன்று என்றார் டிராயிங் மாஸ்டர். ஒன்றே வைத்தோம். கணக்கு வாத்தியாரே முதல் டம்ளர் மொண்டு குடித்தார்.

மாசி பாதியில் மீசைக்காரர் வந்தார். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. கண்ணாடியில் மீசையைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், போனார். மறுநாள் மூன்று பேரோடு வந்து அதையே செய்தார். நாலாம் நாள் பத்திரிகையின் நடுத் தாளை எடுத்தார். பங்குனியில் ஷிப்டு விட்ட நேரத்துக்குக் கொட்டகையில் சாய்ந்து நிற்கவும் இடம் கிடைப்பது கஷ்டமானது. கேரம் பலகையில் காய் விழுந்தால் எழும் கூச்சல் ஆலயம் வரை கேட்டது. பசுமலைக்காரர்கள் இருவரும் மில்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாகக் கேரம் கற்றுக்கொண்டார்கள். சில நாள் கலைவதற்கு முன் ஒரு பாட்டுப் பாடி ஜெபம் செய்தோம். இருக்கிறவர்கள் இருந்தார்கள், போகிறவர்கள் போனார்கள்.

கமிட்டி எந்த நாள் வந்திருந்தாலும் இருபதுக்குக் குறையாது. எனவே நான் கவலையை விட்டேன். அதுதான் தவறு.

ஹெட்மாஸ்டர் நாள் குறிப்பது தம் டைரியைப் பார்த்து. அந்த டைரியில் ஈஸ்டர் இருந்தது, பரீட்சை முடியும் நாள் இருந்தது, மிஷன் கூட்டங்கள் இருந்தன. சித்திரைத் திருவிழா இல்லை. மதுரையில் அறுபது வருஷம் வாழ்ந்தவர், மறுநாள் விடியலில் அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்பதைப் பார்க்காமல், முந்தின நாள் சாயங்காலத்தைப் பார்வைக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார். மில் லீவு. எங்கள் வாலிபர்கள், சபையார் மற்றவர் என்ற பேதமில்லாமல், அழகரை எதிர்கொள்ளும் கூட்டத்தைப் பார்க்க வைகைக்கு வடகரை போய்விட்டார்கள். நானும் பத்திரிகைக்காக அங்கேதான் கிளம்பிக்கொண்டிருந்தேன். வழியில் கொட்டகையை எட்டிப் பார்த்தால், சாலையில் குடையோடு ஹெட்மாஸ்டர். பின்னால் கமிட்டியார் இருவர். அவர்கள் உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள். காரணம், உள்ளே இடம் இல்லை.

மேற்கே கிராமங்களிலிருந்து திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் சாலையோரப் புங்க மரத்தடியில் மாட்டை அவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். மூன்று வண்டி. வண்டியில் வந்த அத்தனை பேரும் கொட்டகைக்குள் இருந்தார்கள். பெண்கள் பெஞ்சுகளில் பிள்ளைகளைத் தூங்கப் போட்டிருந்தார்கள். கண்ணாடி முன்னால் ஒரு பெண் தலைப்பின்னலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கதவு மேசையில் ஒருவர் எங்கள் பத்திரிகையை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்க, நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பானைப் பக்கம் வரிசை. எண்ணினேன், முப்பத்தொன்று. அதில் எங்கள் சபையார் ஒருவரும் இல்லை.

படித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்து ஹெட்மாஸ்டரைப் பார்த்தார்.

"என்னண்ணே வெயில்ல நிக்கிறீக? உள்ள வாங்க. ஏய், அண்ணனுக்கு எடம் விடுங்கப்பா."

அறுபது வயதில் ஹெட்மாஸ்டரை யாரும் அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் சுற்றிலும் பார்த்தார். கூப்பிட்டது தம்மைத்தான் என்று உறுதி செய்துகொண்டு, உள்ளே போய், விட்ட இடத்தில் உட்கார்ந்தார். யாரோ டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தார். பிறகு, உங்களை இங்கே யார் வரச் சொன்னது என்று கேட்டார். அதட்டலாக இல்லை, விசாரணையாக.

"யாரும் சொல்லலையே. கதவு இல்ல, பானை இருந்துச்சு. சரி நம்ம எடந்தான்னு வந்துட்டோம்."

ஹெட்மாஸ்டர் எழுந்து கண்ணாடி முன் போனார். தலைப்பாகையைச் சரி செய்தார். என் பக்கம் திரும்பி, எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கிறது, ஆனால் வாலிபர் சங்கத்தார் என்று யாரையும் காணவில்லை, நிபந்தனை நிபந்தனைதான் என்றார். அழகர் விஷயத்தைச் சொன்னேன். அது உண்மையாக இருக்கலாம், ஆனால் மற்ற நாட்களில் வருகிறார்கள் என்பதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டார். பதிவேடு இருக்கிறதா? பதிவேட்டை நாங்களே எடுத்துவிட்டோம் என்றேன். இருபது பேரைக் கேரம் ஆட வைத்த அதே காரியம் இப்போது எங்களை வெளியே தள்ளப் பார்த்தது. கமிட்டியார் ஒருவர் கொட்டகையின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். பெஞ்சுகளுக்கு என்று புரிந்தது.

அப்போதுதான் கோயில்பிள்ளையின் மனைவி வந்தாள். ஆலய மணி அடித்துப் பெருக்குகிறவரைத்தான் எங்கள் சபைகளில் கோயில்பிள்ளை என்போம். பானைக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் மனைவியின் பொறுப்பு. இடுப்பில் நிறைகுடம், முகம் முழுக்க வியர்வை. ஹெட்மாஸ்டரைக் கண்டதும் குடத்தை இறக்கிவைத்தாள்.

"ஐயாவே வந்துட்டீகளா, நல்லதாப் போச்சு. இந்தக் கொட்டகைக்கு ஒரு முடிவு சொல்லுங்க. என்னால ஆகாது."

ஹெட்மாஸ்டர் என்ன புகார் என்று கேட்டார்.

"இன்னைக்குத்தான் கூட்டம்னு நெனச்சுறாதீக. தெனத்துக்கும் மூணு பானை. மில்லுல சங்கு ஊதுனாப் போதும், குதிரை தண்ணிக்கு வந்த மாதிரி வாராக. இங்க குதிரை நின்னப்பக்கூட ரெண்டு வாளிதான். எம்புட்டுத்தான் நான் எறைக்கிறது?"

எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டார். எண்ணத் தெரியாது என்றாள். ஆனால் ஆளைத் தெரியும். மீசைக்காரர், அவரோடு ஒட்டித் திரியும் இருவர், ஆளுக்கு நாலு டம்ளர் குடிக்கும் அண்ணன் தம்பி, பாட்டுக் கட்டுகிறவர், பஞ்சு தலையிலேயே இருக்க வருகிறவர், தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று தினமும் சொல்லிவிட்டுத் தினமும் குடிக்கிறவர். அவள் சொல்லச் சொல்ல ஹெட்மாஸ்டர் விரலை மடக்கினார். வாத்தியார்களையும் அவள் விடவில்லை. இருபத்துமூன்றில் நின்றது. அதில் மில் பக்கத்தார் பதினாறு. அவர் டைரியை எடுத்து எழுதிக்கொண்டார்.

கமிட்டியார் ஒருவர், இது அத்தாட்சி ஆகுமா என்றார். ஆகும் என்றார் ஹெட்மாஸ்டர். செயலாளர் சொன்னால் கூட்டிச் சொல்வார். இந்தம்மா கொட்டகையை மூடச் சொல்லி வந்தவள். அவளுக்கு இவர்களைக் கூட்டிச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அழைக்காமலே வருகிறார்கள் என்பதற்கு இதோ முப்பது பேர் சாட்சி.

கொட்டகை எங்களுக்கு என்று அங்கேயே தீர்ப்பானது. பெஞ்சுகளுக்குக் கொட்டகையின் பின்சுவரை ஒட்டித் தகரத்தில் ஒரு சாய்ப்பு போட்டுக்கொள்ளலாம் என்றார். ஆனால் புகார் கொடுத்தவள் வெறுங்கையோடு போகக் கூடாது. இனிமேல் தண்ணீர் இறைப்பது சங்கத்தார் வேலை. முறை வைத்து, நாளுக்கு இருவர். அதை மட்டும் விதியாக எழுதி மாட்டச் சொன்னார். சொல்லிவிட்டு, படித்துக்கொண்டிருந்தவரிடம் பத்திரிகையின் வெளித் தாளைக் கேட்டு வாங்கி, அரை மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டுப் போனார். வைகைக் கூட்டத்துக்கு நான் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன்.

முறை எழுதியவர் டிராயிங் மாஸ்டர். ஒரு ஆசிரியர், ஒரு மில்காரர் என்று ஜோடி சேர்த்தார். முதல் நாள் கணக்கு வாத்தியாரும் மீசைக்காரரும். திருவிழா முடிந்து மில் திறந்த அன்று சாயங்காலம் பதினைந்து பேர் கிணற்றைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். கணக்கு வாத்தியாருக்கு அது வரை தாம்புக்கயிறு பழக்கமில்லை. வாளி பாதி மேலே வரும்போதே கை தளர்ந்தது. மீசைக்காரர் பின்னால் நின்று கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், மூச்ச விட்டுக்கிட்டே இழுத்தா வராது. எதையாச்சும் கூடச் சொல்லிக்கிட்டே இழுக்கணும்."

"என்னத்தைச் சொல்ல?"

"ஏழாம் வாய்ப்பாட்டச் சொல்லுங்க."

கணக்கு வாத்தியார் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஓரேழ் ஏழு என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு வரி. ஆறாவது வரியில் வாளி விளிம்புக்கு வந்தது. இரண்டாவது வாளிக்கு மீசைக்காரர் கயிற்றை வாங்கிக்கொண்டார். விட்ட இடத்திலிருந்து அவரே தொடர்ந்தார். எட்டாவது வரியில் தடுமாறினார். கிணற்றடியில் நின்ற பதினைந்து பேரும் ஒரே குரலில் சொல்லிக்கொடுத்தோம்.